முப்பத்தேழு

பதினெட்டுப் படி. கீழே இன்னும் இரண்டு இருந்ததாம், காணோம்.
இடுப்பில் கயிறு, கையில் வலை.
மேலே ஐஸ் பெட்டியோடு மாதேஷ்
நொடி எண்ணிக்கொண்டு நிற்கிறான்.
பிடித்த கெண்டை அறுபதுக்குள்
திரவ நைட்ரஜனில் விழ வேண்டும்.
பிந்தினால் அது கிணற்றைப் பற்றிப் பேசாது,
என் கையைப் பற்றித்தான் பேசும்.

பொட்டுக் கெண்டை. வாலருகே கரும்புள்ளி.
பென்னாகரத்துக்கு மேற்கே
கருங்கல்லில் வெட்டிய கிணறு இது.
"எங்க மாமனாரு வெட்டின வருசம்
வெள்ளத்துல வந்து விழுந்துச்சு,
அப்புறம் போக வழியில்ல" என்கிறாள் தொட்டம்மா.
குறிப்பேட்டில் எழுதுகிறேன்:
ஏறத்தாழ அறுபது தலைமுறை.
ஃப்ளோரைடு, லிட்டருக்கு ஐந்து மில்லிகிராம்.

"எல்லா மீனுக்கும் மரபணு ஒண்ணுதானே,
அப்புறம் எதைப் படிக்கிறீங்க?"
ரேஷன் அட்டையை எடுத்துக்கொள், மாதேஷ்.
எல்லா அட்டையிலும் அதே அரிசி, அதே சீனி,
பாமாயில், துவரம்பருப்பு.
அட்டையைப் படித்தால் வீடு தெரியாது.
இந்த மாதம் எவர் எதை எவ்வளவு வாங்கினார்,
மெஷின் துப்புகிற ரசீது இருக்கிறதே,
அதைத்தான் செவுளுக்குள் தேடுகிறேன்.
"நாங்க பாமாயில வாங்கி வித்துடுவோம்" என்றான்.
வாங்கியதெல்லாம் உலைக்குப் போவதில்லை.
என் ஆய்வின் ஓட்டையை
வேலைக்கு வந்த இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டான்.

நாகாவதி அணை மீன் ஒரு பக்கம்,
கிணற்று மீன் ஒரு பக்கம்.
திரையெல்லாம் சிவப்பும் நீலமும்.
இரண்டாயிரத்து நூற்று நாற்பது மரபணுக்கள்
ஒன்று உரக்க, ஒன்று முணுமுணுத்து.
அன்றிரவு தர்மபுரி பஸ் ஸ்டாண்டில்
இரண்டு செட் பரோட்டா சாப்பிட்டேன்.

ஆனால் வெயிலில் நின்றால் எவரும் கறுப்பார்கள்.
அதற்குப் பெயர் பரிணாமம் இல்லை.
இரண்டையும் ஒரே தொட்டியில், ஒரே நல்ல தண்ணீரில்,
பேரன் பேத்தி பொரிக்கும்வரை வளர்க்க வேண்டும்.
அதற்குப் பின்னும் எது மிஞ்சுகிறதோ அது.

இந்தச் சோதனை எங்கள் வீட்டில் ஏற்கெனவே நடந்தது.
என் பல் புளியங்கொட்டை நிறம்.
தங்கை பிறந்த வருடம் ஒகேனக்கல் குழாய் வந்தது,
அவள் பல் தேங்காய்ச் சில்லு.
ஒரே தாய், ஒரே தகப்பன்,
நடுவில் ஒரு குழாய்.
என் கறை என் பிள்ளைக்குப் போகாது.
பெண் பார்க்க வந்தவர்கள்
வரைபடம் கேட்கவில்லை,
சிரிக்கச் சொன்னார்கள்.

பேரக்குஞ்சுகள் பொரித்தன.
இரண்டாயிரத்துச் சொச்சமும் அடங்கி
முப்பத்தேழு.
அதில் ஒன்று, ஃப்ளோரைடை வெளியே தள்ளும் வாசல்,
தள்ள ஏதுமில்லாத தண்ணீரிலும் திறந்தே கிடந்தது.
'கிணற்றைக் காணாத குஞ்சு
கிணற்றை நினைத்திருக்கிறது'
என்று எழுதினேன், அடித்தேன்.
நினைவில்லை.
வாசல் திறக்காதவை
இனம் வைக்காமல் செத்தன, அவ்வளவுதான்.

அதுவும் நிச்சயமில்லை.
வெள்ளத்தில் விழுந்தது நாலைந்து மீன்தான் என்றால்
முப்பத்தேழும் சீட்டு விழுந்த கணக்காக இருக்கலாம்.
ஒரு கிணறு சாட்சி ஆகாது.
இன்னும் மூன்று வேண்டும்,
வேறு வேறு வெள்ளத்தில் மீன் வந்தவை.

இண்டூர் பக்கம் ஒன்று, மூடியாயிற்று.
பாப்பாரப்பட்டியில் ஒன்று,
எட்டிப் பார்த்தால் பால் கவர்.
குழாய் வந்த ஊரில் கிணறு எதற்கு?
தொட்டம்மாவும் ஆடி கழிய
மண் லாரிக்குச் சொல்லிவிட்டாள்.
பேத்தி பள்ளிக்கூடம் போகும் வழி,
தடுப்புச் சுவர் இல்லை,
நான் என்ன சொல்ல முடியும்?

நல்லம்பள்ளிக்கு அப்பால் பாழுங்கிணறு ஒன்றாம்.
கல்லெறிந்தால் உள்ளே ஏதோ மினுங்குகிறதாம்.
மாதேஷ் வண்டிக்கு பெட்ரோல் போடுகிறான்.
"ரசீது வேணுமா?" என்கிறான்.
வாங்கு.
எழுத்து அழியாமல் மடித்து வை.